கண்டவர் தரும் எண்

கற்பிட்டியில் காற்று நின்றுபோகும் பருவமொன்று உண்டு. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் கடல்மேல் ஓட வருகிற வெளிநாட்டார் அப்போது வருவதில்லை. கடல் உள்ளே புகுந்து நிற்கும் களப்பின் ஓரத்து விடுதிகள் கதவுகளைச் சாத்திக்கொள்ளும். சமையற்காரர் ஊருக்குப் போய்விடுவார். படகோட்டிகள் மீன்பிடிக்குத் திரும்புவார்கள். கழுதைகள் மட்டும் எப்போதும்போல் தெருவில் நடந்து திரியும். அந்தப் பருவத்தில் விடுதியைப் பார்த்துக்கொள்ள ஒருவன் வேண்டும். ஒரு விடுதிக்கு அந்த ஒருவனாக இருந்தவன் நூஹு.

முப்பது வயதைக் கடந்தவன். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் மன்னார் முஸ்லிம்களெல்லாம் வெளியேற்றப்பட்டபோது வந்த பெற்றோருக்குப் புத்தளத்தில் பிறந்தவன். வாப்பாவும் உம்மாவும் மௌத்தாகி அடக்கமான பிறகு, அவனுடைய அக்கா மர்ளியா ராத்தா கணவனோடு மன்னாருக்கே திரும்பிக் குடியேறினாள். நூஹு போகவில்லை. கற்பிட்டியில் அவனை 'மன்னார் ஆக்கள்ட புள்ள' என்றார்கள். மன்னாருக்குப் போனால் 'புத்தளத்துத் தம்பி வந்திரிக்கார்' என்று சொல்லித் தேநீர் ஊற்றினார்கள். இரண்டு இடத்திலும் அன்பாகத்தான் சொன்னார்கள்.

ஊர் என்று சொல்லிக்கொள்ள அவனிடம் ஒரு மேசை இருந்தது. விடுதியின் விறாந்தையில், களப்பைப் பார்த்தபடி போடப்பட்டிருந்த பலகை மேசை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் விருந்தாளி ஒருவர் ஒரு புத்தகத்தையும் பை நிறையப் பகடைகளையும் அறையில் மறந்துவிட்டுப் போனார். அது ஒரு கதை விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். வழியில் ஓர் ஆறு வந்தால் 'நான் நீந்துகிறேன்' என்பான் ஒருவன். நீந்தினானா, மூழ்கினானா என்பதைப் பகடை சொல்லும். நூஹுவும் அவனுடைய கூட்டாளிகளான அர்கமும் அஸ்ஜத்தும், அஸ்ஜத்தின் மனைவி நிஃப்லாவும் அந்தப் புத்தகத்தை அகராதியின் உதவியோடு படித்து முடித்தார்கள்.

முதல் நாளே நிஃப்லா பகடைப் பையைத் தள்ளி வைத்தாள்.

"சூதாடுற மாதிரி காய் உருட்டுற வேல எனக்கு வாணா. எங்கட வாப்பா கேள்விப்பட்டா இந்தப் பக்கமே வர உட மாட்டார்."

ஆகவே பகடைகள் அலுமாரிக்குள் போயின. அவற்றுக்குப் பதிலாக விரல்கள் வந்தன. கதை நடத்துகிறவரும் காரியம் செய்கிறவரும் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்து, ஒரே நேரத்தில் விரல்களை நீட்டுவார்கள். கூட்டினால் இரட்டை வந்தால் காரியம் பலிக்கும். ஒற்றை வந்தால் பலிக்காது. அந்தக் காரியத்துக்குரிய ஆற்றல் பத்துக்கு மேலிருந்தால் இன்னொரு தடவை நீட்ட உரிமை உண்டு.

அந்த ஆற்றல்கள் ஆறு: வலு, கைவேகம், தாங்குசக்தி, அறிவு, விவேகம், முகராசி. ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒவ்வோர் ஆற்றலிலும் மூன்று முதல் பதினெட்டு வரை ஓர் எண் இருக்க வேண்டும். புத்தகத்தில் அதையும் பகடைதான் கொடுத்தது. இங்கே பகடை இல்லை. தனக்குத்தானே எண் போட்டுக்கொள்ள விட்டால் அர்கம் எல்லாவற்றுக்கும் பதினெட்டுப் போட்டுக்கொள்வான். எனவே அவர்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கினார்கள். உன் எண்ணை நீ போடக்கூடாது. உன்னைப் பார்த்தவர் போட வேண்டும். அவர் எண்ணை மட்டும் சொன்னால் போதாது. தாம் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

"அர்கமுக்கு விவேகம் அஞ்சி," என்பான் அஸ்ஜத். "செருப்பு களப்புல போகுது என்டு பாஞ்சான். சட்டப்பைக்குள்ள புதுப் போன்."

"செருப்பும் புதுசுடா," என்பான் அர்கம்.

பாத்திரத்தின் பின்னணி மட்டும் அவரவர் சொந்தம். எங்கே பிறந்தான், யாருடைய மகன், என்ன தொழில் என்று என்ன சொன்னாலும் மேசையிலிருப்பவர் எவரும் கேள்வி கேட்கக்கூடாது. புத்தளத்து உப்பளத்தைத் தாண்டிப் போயிராத அர்கம் தன்னை ஏழு கடல் ஓடிய மாலுமி என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. நூஹு ஒவ்வொரு கதையிலும் ஒவ்வோர் ஊரைச் சொன்னான். மலையில் பிறந்தவன், பனிநாட்டான், பாலைவனத்தான். அங்கே எந்த ஊரைச் சொன்னாலும் அந்த ஊர்க்காரனாகவே நடத்தப்பட்டான். அது அவனுக்குப் போதுமாக இருந்தது.

பிறகு அர்கம் டோஹாவுக்குப் போனான். அஸ்ஜத்துக்குக் கொழும்பில் வேலை கிடைத்ததும் நிஃப்லாவும் உடன் போனாள். மேசை அங்கேயே நின்றது.

அவர்கள் பாதியில் விட்டுப்போன கதையை நூஹு தனியே தொடர்ந்தான். ஓர் அரசன் தன் காவலர்களைக் கழுதைகளாக்கித் துரத்திவிட்டான். அவற்றிலொன்று தன் பெயரையே மறந்துவிட்டது. யாராவது சரியான பெயரைச் சொல்லி அழைத்தால்தான் அது மறுபடி மனிதனாகும். இவ்வளவில் கதை நின்றிருந்தது. நூஹு நாலு பேருடைய குரலிலும் மாறி மாறிப் பேசினான். அர்கமுக்காக வீம்பு பேசினான், நிஃப்லாவுக்காகத் தயங்கினான். ஆனால் விரல் நீட்டுகிற இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுமாறினான். இடது கை என்ன நீட்டப் போகிறது என்பது வலது கைக்கு முன்னமே தெரிந்திருந்தது. ஆகவே கழுதை நெடுங்காலமாகக் கழுதையாகவே நின்றது.

இப்படி இரண்டு ஆண்டுகள் போன பின், ஒரு செவ்வாய்க்கிழமை அஸ்ஜத்தின் குரல் செய்தி வந்தது.

"மச்சான், வெள்ளிக்கெழம பின்னேரம் அஸருக்குப் பொறவு போன்ல சேருவோமா? அர்கமுக்கும் லீவாம். புதுக் கத. நீயும் புது ஆள் ஒன்டு செஞ்சிக்கிட்டு வா." பின்னர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "எண்ணெல்லாம் பழைய சட்டம்தான். ஆனா எங்களால தர ஏலா. நாங்க ஒன்னக் கண்டே ரெண்டு வருஷம். இப்ப காணுறவங்கள்ட்ட கேட்டு வாங்கிக்க."

அஸ்ஜத் இதைப் பகிடிக்குச் சொன்னான். நூஹு அதை மெய்யாக எடுத்துக்கொண்டான். சட்டம் சட்டந்தானே. அத்தோடு அந்தச் சிரிப்பு மறுபடி தன் மேசைக்கு வருவதற்கு அவன் எதையும் செய்யக்கூடியவனாக இருந்தான். ஒரு வெள்ளைத் தாளில் ஆறு ஆற்றல்களையும் எழுதி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே இறங்கினான். தெரு முனைக்கு வந்த பிறகுதான் ஒரு கேள்வி அவனை நிறுத்தியது. இப்போது தன்னைக் காண்பவர் யார்?

நாள்தோறும் பாண் ரொட்டி வாங்குகிற கடைக்குப் போனான். கடைக்காரர் ஜப்பார் நானா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாண் முடிஞ்சி தம்பி. பணிஸ் இரிக்கி."

"பாண் இல்ல நானா. எனக்கொரு எண் சொல்லணும். மூனுக்கும் பதினெட்டுக்கும் நடுவுல."

ஜப்பார் நானா துணியைக் கீழே வைத்தார். "பள்ளிவாசலுக்கு வார புள்ள. லொத்தர்ச் சீட்டு எடுக்கப் போறீங்களா?"

"லொத்தர் இல்ல. ஒரு வெளையாட்டு. நான் எவ்வளவு தாங்குவேன் என்டு, நீங்க கண்டத வெச்சிச் சொல்லணும்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். இதுவரை அப்படிப் பார்த்ததில்லை என்பது அவருடைய பார்வையிலேயே தெரிந்தது.

"ஒரு நாளைக்கி அரை றாத்தல் பாண். அதோட ஒரு நாள் போகுது. முந்தினநாள் பாணக் குடுத்தாலும் ஒரு கத கதைக்க மாட்டீங்க. எழுதுங்க, பதினாலு."

"முந்தினநாள் பாணா?"

"எப்பவாவதுதான். எழுதுங்க, எழுதுங்க."

நூஹு எழுதினான். பக்கத்தில், தந்தவர் ஜப்பார் நானா என்றும் குறித்தான். அதைப் பார்த்ததும் கடைக்காரருக்கு ஒரு மரியாதை வந்துவிட்டது. தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "ஒங்கட பேரு என்ன தம்பி?"

நூஹு பெயரைச் சொன்னான்.

"நூஹு. நல்ல பேரு. நபிட பேரு," என்றார் அவர். பிறகு வாசலில் நின்ற வாடிக்கையாளரிடம், "விடுதித் தம்பிக்குக் கொஞ்சம் வழிய உடுங்க," என்றார்.

அன்று மாலை மர்ளியாவுக்குத் தொலைபேசி எடுத்தான். அவள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கிற சத்தம்.

"எல்லாத்துக்கும் பதினெட்டுப் போடு," என்றாள். "என்ட தம்பிக்கி வேற என்னத்தப் போடுற?"

"அப்பிடிப் போட ஏலா ராத்தா. கண்டது ஒன்டு சொல்லணும்."

"ஏன், சின்னதுல கெணத்துக்குள்ள விழுந்த கோழிக்குஞ்ச வாளி உட்டு எடுத்தல்லயா? ஊரே பாத்திச்சே."

"அது சின்னதுல. இப்ப கண்டது வேணும்."

அவள் பிள்ளைகளை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"நீ வந்தாத்தானே தம்பி காணுற," என்றாள் மர்ளியா.

தாளில் அவன் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலையில் அல்பொன்சா வந்தாள். தலவிலப் பக்கத்தவள், ஸ்கூட்டியின் பின்னால் பெட்டி கட்டி வீடு வீடாக மீன் விற்பவள். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அவளுடைய கணவன் ஆண்டுகளுக்கு முன்னர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை. அதைப்பற்றி அவள் பேசியதில்லை. ஊர் சொல்லித்தான் நூஹுவுக்குத் தெரியும். கிழமையில் சில நாட்கள் அவள் விடுதிக்கு வந்து, மதிலோரத்துக் குழாயடியில் மீனை வெட்டிக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போவாள்.

நூஹு அவளிடமும் தாளை நீட்டி விளக்கினான். அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தியை அலம்பி வைத்துவிட்டு, ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, ஆறு சொற்களையும் ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"நான் கண்டத மட்டுந்தான் சொல்லோணுமா?"

"ஓம் அக்கா. கண்டது மட்டுந்தான்."

"அப்ப சும்மா வாய்க்கு வந்தபடி சொல்ல ஏலாது மகன். யோசிச்சிட்டுச் சொல்றன்." ஸ்கூட்டியில் ஏறியவள் திரும்பிப் பார்த்தாள். "எப்பத்தைக்கு வேணும்?"

"நாளண்டைக்கி வெள்ளி. அதுக்குள்ள."

"வெள்ளிக்கு வர ஏலாது. வழியில கண்டா நிப்பாட்டிச் சொல்றன்," என்றாள். வழியில் அவர்கள் சந்திக்கவில்லை.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்து, மேசையைத் துடைத்து, நாலு பேரும் உட்காருகிற கதிரைகளை முன்பு இருந்த இடங்களில் வைத்தான். போனைத் தேநீர்க் கோப்பையில் சாய்த்து நிறுத்தினான். ஐந்து இடங்கள் வெறுமையாக இருந்த தாளைப் பக்கத்தில் விரித்தான். ஒரே ஓர் எண்ணோடு வந்ததற்கு என்ன சொல்வது என்று அவனுக்கு விளங்கவில்லை.

திரையில் முகங்கள் வந்தன. அர்கம் பருத்திருந்தான். அஸ்ஜத்தின் பின்னால் உயரமான கட்டடங்கள் தெரிந்தன. நிஃப்லா எட்டிப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டு, அழுகிற பிள்ளையைத் தூக்கப் போய்விட்டாள்.

"எண்தான் முழுசாச் சேரல்ல," என்றான் நூஹு. "தாங்குசக்தி மட்டும் கெடச்சிரிக்கி. ஜப்பார் நானா தந்த, பதினாலு."

இருவருடைய முகங்களும் திரையை நெருங்கி வந்தன. பிறகு அர்கம் வெடித்துச் சிரித்தான். "என்ன மச்சான், மெய்யாவே போய்க் கேட்டியா? பாண் கடையில?"

"நான் பகிடிக்குச் சொன்னடா," என்றான் அஸ்ஜத். அவனும் சிரித்தான், கெட்ட சிரிப்பல்ல. "அதெல்லாம் இப்ப ஆப் போடுது. ஒரு தட்டு தட்டினா எண்ணும் வரும், பின்னணியும் வரும். இரி, ஒனக்கும் எடுத்து அனுப்புறன்."

அடுத்த நொடி நூஹுவின் போனில் ஒரு பாத்திரம் வந்து நின்றது. ஆறு எண்கள், யாரும் எதையும் காணாமல் கொடுத்த எண்கள். பின்னணி: அரண்மனைச் சமையற்காரன், வடதிசை நகரில் பிறந்தவன். நூஹு அந்தச் சமையற்காரனாகச் சற்று நேரம் ஒரு காட்டுக்குள் நடந்தான். விரல் நீட்டவில்லை; போன் தானே கணக்குப் பார்த்தது. கதை ஒரு பாலத்தடிக்கு வந்தபோது, லீவிலிருந்த அர்கமை டோஹாவில் யாரோ வேலைக்கு அழைத்தார்கள். அஸ்ஜத், "அடுத்த மாசம் பாப்போம் மச்சான்," என்றான். முகங்கள் போய், கறுத்த திரையில் நூஹுவின் முகம் மட்டும் தெரிந்தது.

களப்பில் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. அவன் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கினான். தாளைக் கிழிக்க எடுத்தான்; ஜப்பார் நானாவின் பெயர் இருந்தபடியால் கிழிக்காமல் மடித்து வைத்தான். அன்று அவன் குரல் மாற்றிப் பேசவில்லை.

மறுநாளும் அதற்கு மறுநாளும் பேசவில்லை. மழை தூறிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது. அல்பொன்சா குழாயடிக்குப் போகவில்லை; நேரே விறாந்தைக்கு வந்தாள்.

"தாள எடுங்க மகன்."

"அது முடிஞ்சி அக்கா. இனித் தேவையில்ல."

"அஞ்சு நாளா யோசிச்சிருக்கிறன். தேவையில்லையெண்டா என்ன கதை? எடுங்க."

அவன் எடுத்தான்.

"வலு, ஒம்பது. என்ட ஸ்கூட்டி மணல்ல புதைஞ்ச நாள் தள்ளி விட்டீங்கதான். ஆனாப் பாதி தள்ளினது நான்." அவன் எழுதும்வரை நின்றாள். "கைவேகம், ஆறு. மீன் வாங்கேக்க சல்லியக் கீழ விழுத்தாத நாளில்ல. விவேகம், பதிமூண்டு. மழைக்குள்ள குட்டியோட நிண்ட கழுதைக்குக் கேற்றத் திறந்து விட்டுட்டு, முதலாளி வாறதுக்கு முந்தி முற்றத்தக் கழுவியும் விட்டீங்க. மதிலால கண்டனான்."

"அறிவு?"

"அது நான் காணேல்ல. காணாதத எப்பிடிச் சொல்ற? வெறுமையா விடுங்க." சற்றுத் தயங்கினாள். "முகராசி, நாலு. மனசில வைக்காதீங்க. நீங்க ஒருத்தரையும் முகம் பாத்துக் கதைக்கிறதில்ல மகன். மீனப் பாத்துக் கதைப்பீங்க, தராசப் பாத்துக் கதைப்பீங்க."

நூஹு நாலு என்று எழுதினான். ராத்தா தந்த பதினெட்டுகளைவிட, போன் தந்த எண்களைவிட, அந்த நாலு அவனை அசைத்தது. ஒருத்தி இரண்டு வருடமாக அவன் கண்கள் எங்கே பார்க்கின்றன என்று பார்த்திருக்கிறாள். அவன் தலையை நிமிர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தான். வெயிலில் கறுத்த நெற்றி. புருவத்தில் ஒட்டிய ஒரு மீன் செதிள்.

"இப்பப் பாத்ததுக்கு அஞ்சாக்க ஏலாது," என்றாள் அவள். "எழுதினது எழுதினதுதான்."

அவன் சிரித்தான்.

"நானும் ஒண்டு கேக்கோணும்," என்றாள் அல்பொன்சா. "முந்தி மதிலுக்கு அங்கால, பக்கத்து வீட்டு வளவில நிண்டு மீன் வெட்டேக்க நாலு பேர் கதைக்கிற சத்தம் கேக்கும். விருந்தாளிகள் எண்டுதான் நினைச்சன். பிறகு பாத்தா நீங்க ஒராள். பைத்தியமோ எண்டு பயந்து ரெண்டு மூண்டு நாள் வரவுமில்ல. பிறகு கதை விளங்கிச்சு. அந்தப் பேர் மறந்த கழுதை என்னாச்சு? இப்ப ரெண்டு மூண்டு நாளாச் சத்தத்தையே காணேல்ல எண்டு பக்கத்து வளவில சொல்லிச்சினம். அதுதான் மழையோட வந்தனான்."

நூஹு எழுந்தான். சுவரோரம் அடுக்கியிருந்த கதிரைகளில் ஒன்றைத் தூக்கி வந்து மேசையடியில் போட்டான்.

"அது இன்னும் கழுதைதான் அக்கா. நான் தனிய விரல் நீட்டினா அது சரிவருதில்ல. இருங்க."

அவள் சீலைத் துண்டால் கதிரையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். அவன் விளையாட்டின் சட்டங்களைச் சொன்னான். விரல்களின் கணக்கு அவளுக்கு உடனே பிடிபட்டது.

"கதைக்குள்ள நான் ஆர்?"

"அத நீங்கதான் சொல்லணும். என்ன சொன்னாலும் சரி. ஒருத்தரும் கேள்வி கேக்க ஏலா. அது சட்டம்."

அல்பொன்சா களப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூறல் நீரில் விழுந்து விழுந்து கரைந்தது.

"புருஷன் கடலால திரும்பி வந்தவள்," என்றாள்.

நூஹு கேள்வி கேட்கவில்லை. புதிய தாளொன்றை எடுத்து, அவள் பெயருக்குக் கீழே அப்படியே எழுதினான்.

"உங்கட ஆள்?" என்று அவள் கேட்டாள். "அவர் எந்த ஊர்?"

மலைநாடு, பனிநாடு, பாலைவனம் எல்லாம் அவனுடைய நாக்கு நுனிவரை வந்தன. அவன் அவற்றை விட்டுவிட்டான்.

"கற்பிட்டி," என்றான். "கற்பிட்டியிலேயே பிறந்தவன்."

அவளும் கேள்வி கேட்கவில்லை. தலையை மட்டும் அசைத்தாள்.

கதை நின்ற இடத்திலிருந்து நடந்தது. கடற்கரைப் பாதையில் கழுதை நின்றது. கற்பிட்டியான் அதன் அருகே போனான். அதன் முகத்தைப் பார்த்துப் பேசி, பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும். அது ஓடாமல் நிற்க வேண்டும். அதற்குரிய ஆற்றல் முகராசி.

"நாலுதான் இரிக்கி," என்றான் நூஹு. "பலிக்காட்டி இன்னொரு தரம் நீட்ட ஏலா."

"அப்ப ஒழுங்கா நீட்டுங்க," என்றாள் அல்பொன்சா, கையைப் பின்னால் கொண்டுபோய்.

அவனும் கையை மறைத்தான். அவள் எத்தனை விரல் மடித்திருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளில் முதல் தடவையாக அவனுக்கு அது தெரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் கைகளை மேசைமேல் நீட்டினார்கள். செதிள் காய்ந்த அவளுடைய விரல்களும் மை பட்ட அவனுடைய விரல்களும் ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக நின்றன.

நூஹு எண்ணத் தொடங்கினான்.